அம்மாவின் காரில் எரிந்த தீச்சட்டி

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில், நான்காவது முயற்சியில், கார் லைசன்ஸ் கிடைத்தது. முதல் முறை மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது கார் முன்னால் போகாமல் பின்னால் போனது. இரண்டாவது முறை கம்பத்தை இடித்தார். மூன்றாவது முறை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து முடித்துக் கீழே இறங்கி, பரிசோதித்த அதிகாரியிடம் சாப்பிட்டாயிற்றா என்று மலாயில் அன்பாக விசாரித்தார். அவர் பதில் சொல்வதற்குள், கைப்பிரேக் போடாத கார் இருவரையும் விட்டுவிட்டு மெதுவாகப் புறப்பட்டுப் போனது. நான்காவது முறை போவதற்கு முன்னால் எங்கள் தோட்டத்து மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டார்: லைசன்ஸ் கிடைத்தால் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக. கிடைத்துவிட்டது. திருவிழாவுக்குத்தான் இன்னும் மாதங்கள் இருந்தன.

எங்கள் தோட்டம் மலேசியாவில், மந்தின் ஊரிலிருந்து உள்ளே ஏழாங்கட்டையில், அதாவது ஏழாவது மைலில் இருக்கிறது. அப்பா ஆறுமுகம் அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த முப்பது வருடமும் அம்மா எங்கேயாவது போக வேண்டுமென்றால் அப்பாவுக்கு லீவு கிடைக்க வேண்டும், லீவு கிடைத்தால் முதுகு வலிக்காமல் இருக்க வேண்டும், முதுகு வலிக்காவிட்டால் மழை பெய்யாமல் இருக்க வேண்டும். அம்மாவின் ஒரே தங்கை திலகா சித்தி கெமாசில் இருக்கிறார். ஒரே மாநிலத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் உள்ள தூரம். ஆனால் அக்காவும் தங்கையும் பார்த்துக்கொள்வது கல்யாணத்திலும் சாவிலும் மட்டும்தான். அதனால் குடும்பத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அம்மாவுக்கு வருத்தத்தோடு கூடவே ஒரு சின்ன எதிர்பார்ப்பும் வரும். இதை அவரே ஒருநாள் சொல்லிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மழலையர் பள்ளியில் சமைத்துச் சேர்த்ததில் ஒரு சின்னச் சிவப்பு கார் வாங்கப் போவதாக அம்மா சொன்னபோது, அப்பா கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"வாங்கறது வாங்கு பஞ்சாலை. ஆனா ஒண்ணு. காடியில சின்னக் கோளாறு வந்தாலும் சரி, அன்னிக்கே சாவி என் இடுப்புக்கு வந்துரும்."

"வந்து?"

"வந்து, நான் ஓட்டுவேன். நீ பக்கத்துல உக்காந்து வரணும்."

"முப்பது வருசமா அதானங்க செய்யறேன்."

"அதையே நல்லா செய்யிறன்னு சொல்றேன்."

அப்பா கெட்டவர் அல்லர். சாலையில் அவர் பார்த்ததையெல்லாம் வீட்டில் சொல்ல மாட்டார். ஆனால் சில நாள் லோரியை நிறுத்திவிட்டு வந்ததும், வாசலில் சிலிப்பரைக்கூடக் கழற்றாமல், "எல்லாரும் வீட்டுல இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொருவராக எண்ணுவார். நாங்கள் மொத்தமே மூன்று பேர், அவரையும் சேர்த்து.

கார் வந்த அன்று பூசை போட்டோம். பூசாரி நான்கு டயர்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, ஒவ்வொரு டயருக்கும் முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். எங்கள் வாசல் இடப்பக்கமாக வாய்க்காலை நோக்கிச் சரிந்தது. மூன்று பழங்கள் ஏதோ ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றன. பின்பக்க இடது டயரின் பழம் மட்டும் நிற்கவில்லை. வைப்பதும், அது உருண்டு வாய்க்காலில் விழுவதும், பக்கத்து வீட்டுப் புனிதா அக்கா எடுத்துக் கழுவிக்கொண்டு வருவதுமாக இருந்தது.

"அண்ணே, நல்ல நேரம் முடியப் போவுதுலா," என்றார் பூசாரி.

"தள்ளுங்க," என்று அப்பா பழத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். திரும்பி வந்து டயருக்கு முன்னால் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு தெளிவு. "இனிமே நவுராது."

நகரவில்லை. சிப்பாய் மாதிரி நின்றது. எப்படி நிற்க வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. லோரி ஓட்டியவருக்கு ஆயிரம் வித்தை தெரியும் என்பது எங்கள் வீட்டில் விவாதத்துக்கு அப்பாற்பட்டது. அம்மா காரை மெல்ல முன்னால் எடுத்தார். நான்கு பழங்களும் சளக் சளக்கென்று நசுங்கின. புனிதா அக்கா கை தட்டினார். அப்பா, புதிதாக ஓட்டுகிறவர்கள் ஒட்ட வேண்டிய 'பி' ஸ்டிக்கரைப் பார்த்து, "இதையும் ஒழுங்கா ஒட்டல, கோணலா இருக்கு," என்றார். அவரிடமிருந்து வரக்கூடிய வாழ்த்து அவ்வளவுதான்.

சில வாரம் எல்லாம் நன்றாகப் போயிற்று. அம்மா காலையில் புனிதா அக்காவை ஏற்றிக்கொண்டு மந்தினுக்குப் போவார். இருவருக்கும் ஒரே பள்ளியில்தான் வேலை. புறப்படும் முன் அப்பா சட்டை போடாமல் வெளியே வந்து, நான்கு டயரையும் ஒவ்வொன்றாகக் காலால் உதைப்பார். லோரிக்காரரின் பரிசோதனை அது. "டங்குன்னு சத்தம் வரணும். வந்தா காத்து சரியா இருக்குன்னு அர்த்தம்." ஒவ்வொரு நாளும் டங்கென்றுதான் வந்தது. அல்லது அப்பாவுக்கு அப்படிக் கேட்டது.

முந்தின இரவு மழை பெய்திருந்த ஒரு காலை, அம்மா சாவியைத் திருகியபோது, மீட்டரில் மஞ்சளாக ஒன்று எரிந்தது. மற்ற விளக்குகள் அணைந்த பின்னும் அது அணையவில்லை. அடி தட்டையாக, வாய் திறந்த ஒரு சட்டி. அதற்குள்ளே நட்டுக்குத்தாக நிற்கும் ஒரு கோடு, கீழே ஒரு புள்ளி.

"என்னா புனிதா இது?"

புனிதா அக்கா எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"யக்கா... இது தீச்சட்டி."

"சும்மா இரு."

"நல்லாப் பாருங்க. சட்டி இருக்கு. உள்ள நெருப்பு நிக்குது. மஞ்சக் கலரு வேற. நீங்க என்னா வேண்டிக்கிட்டீங்க?"

அம்மா கைகளை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டார். கார் ஓடவில்லை என்பது நல்ல விஷயம். தோட்டத்து நுழைவாயிலில் மாரியம்மன் கோயில் முன்னால் காரை நிறுத்தி, "தாயே, மறக்கல. திருவிழா வரட்டும், எடுத்துர்றேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். மந்தினுக்குள் நுழையும்போது விளக்கு தானாகவே அணைந்துவிட்டது.

மறுநாள் காலை மறுபடியும் எரிந்தது. மறுபடியும் வாக்கு. மறுபடியும் மந்தினில் அணைந்தது. ஒரு வாரம் இப்படியே ஓடியது. அம்மனுக்கு நம்பிக்கை வரவில்லை என்று அம்மா நினைத்தார். போன வருடம் பால்குடம் எடுப்பதாகச் சொல்லிவிட்டு எடுக்காமல் விட்டவர்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களால் நமக்கும் பெயர் கெடுகிறது என்பது புனிதா அக்காவின் ஆராய்ச்சி.

அதோடு, அப்பா பார்த்துவிட்டால்? தீச்சட்டியோ வேறு எதுவோ, எரிகிற விளக்கு அவர் கணக்கில் கோளாறுதான். அம்மா தன் நெற்றியிலிருந்த பெரிய மெரூன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மீட்டர் மேல் அந்த இடத்தில் ஒட்டினார். அளவு கச்சிதமாகப் பொருந்தியது.

நான் நீலாயில் கல்லூரி விடுதியில் இருந்து அந்த வார இறுதிக்கு வீட்டுக்கு வந்தேன். பெயர் யோகேந்திரன். வீட்டில் யோகி. பொட்டைப் பார்த்ததும் நகத்தால் பிய்த்தேன்.

"ம்மா, இது தீச்சட்டி இல்ல. டயரை குறுக்க வெட்டுனா எப்படி இருக்கும்னு வரைஞ்சிருக்கான். ஏதோ ஒரு டயர்ல காத்து கம்மின்னு சொல்லுது."

"காத்து கம்மின்னா கம்மியாவேதான இருக்கும்? மந்தின் போறதுக்குள்ள எப்படி சரியாவுது? வழியில எவனாச்சும் வந்து ஊதிட்டுப் போறானா?"

நான் மீட்டரை மறுபடி குனிந்து பார்த்தேன்.

"உங்கப்பா தெனமும் ஒதைச்சுப் பாக்குறாரு. டங்குன்னுதான் வருது. காத்து கம்மின்னா ஒதைக்கிற காலுக்குத் தெரியாதா?"

கைப்பேசியில் தேடினேன். சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்டி நிறுத்து, மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் போய்ப் பார் என்று இருந்தது. சில சமயம் சென்சாரே கெட்டுப்போயிருக்கலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு வேலை வைக்காத பதில் அது என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன்.

"சென்சாரா இருக்கும்மா. பெட்ரோல் ஸ்டேசன்ல ஒரு தடவ காத்து பாத்துருவோமே?"

"காத்தடிக்கப் போனா ஏழாங்கட்டை பூரா பாக்கும். அந்திக்குள்ள உங்கப்பா காதுக்குப் போயிரும். கெமாஸ் போயிட்டு வந்து பாத்துக்கலாம்டா."

கெமாஸ்தான் விஷயம். திலகா சித்தி புது வீடு கட்டிப் பால் காய்ச்சப் போகிறார். கல்யாணம் இல்லை, சாவு இல்லை, யாருக்கும் உடம்பு சரியில்லாமலும் இல்லை. அம்மா தானே ஓட்டிக்கொண்டு போய்த் தங்கை வீட்டு வாசலில் இறங்க வேண்டும். அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவதாகச் சொல்லியிருந்தார்.

"போறதையும் வர்றதையும் பாக்கறேன். எந்தத் தொல்லையும் இல்லன்னா சாவியப் பத்தி இனிமே பேச மாட்டேன்."

நான் பொட்டைத் திரும்ப ஒட்டிவிட்டேன். நேராக, நன்றாக அழுத்தி.

கிளம்பின அன்று விடிகாலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. பின்னால் அரிசி மூட்டை, ஆளுயரக் குத்துவிளக்கு இரண்டாகக் கழற்றப்பட்டு, பெரிய பித்தளைக் குடம், தோசைக்கல், வாழைக்குலை. அவற்றுக்கிடையே நானும் புனிதா அக்காவும். புனிதா அக்கா சித்தியோடு படித்தவர். அதனால் அவரும் சீர் வரிசையில் ஒன்றாகவே வந்தார். அப்பா வழக்கம்போல நான்கு டயரையும் உதைத்தார்.

"டங்," என்று வாயாலும் சொல்லிக்கொண்டார்.

பொட்டின் ஓரத்தில் மஞ்சள் ஒளி கசிந்தது. அம்மா கோயில் வாசலில் நிறுத்தி வாக்குக் கொடுத்தார். அப்பா முன்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அது என்னா, மீட்டர்ல பொட்டு?"

"சாமிக்கு."

"சாமிக்கு எவ்வளவு ஸ்பீடுன்னு பாக்கணுமா?"

"உங்கள மாதிரி பக்கத்துல உக்காந்து பாக்குறதுக்கு."

மந்தின் போனது. மஞ்சள் போகவில்லை. சிரம்பான் போனது. போகவில்லை. புக்கிட் புத்துஸ் மலையேறி இறங்கும்போது அப்பா மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தன் காலடியில் இல்லாத பிரேக்கை ஒவ்வொரு வளைவிலும் மிதித்தார். அம்மா ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கமாகவே பிடித்து ஓட்டினார். கார் இடப்பக்கமாக, பின்னால் யாரோ முந்தானையைப் பிடித்து இழுப்பதுபோலச் சாய்ந்துகொண்டிருந்தது.

"ஏன் இப்படி இழுக்குது?" என்றார் அப்பா.

"அரிசி மூட்டை அந்தப் பக்கம் இருக்கு," என்றேன் நான்.

"வாழைக்குலையும்," என்றார் புனிதா அக்கா. தன்னைச் சொல்லவில்லை.

முன்னால் சிக்னலில் மஞ்சள் விழுந்தது. அம்மா பிரேக் போட்டார்.

"மஞ்சளுக்கு எதுக்கு நிறுத்துற? மஞ்சன்னா வெரசாப் போவணும்னு அர்த்தம்."

"மஞ்சன்னா பாத்துப் போவணும்னு அர்த்தம்," என்றார் அம்மா. கண்ணாடியில் அவர் கண்கள் என்னைத் தேடின. நான் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டேன்.

குவாலா பிலாவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் அம்மா திரும்பினார். பசிக்கிறது, பூரி சாப்பிடலாம் என்றார். நிழலில் நிறுத்தி, கார் மூடிமேல் பாத்திரத்தை வைத்துத் திறந்தார். அப்பா ஒரு பூரியை எடுத்து, தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது கைக்குட்டை மாதிரி தொங்கியது.

"என்னா இது? வீட்ல சட்டியிலருந்து எடுக்கும்போது பந்து மாதிரி இருந்துச்சே. எவன் ஏறி உக்காந்தது?"

"நான் இல்லண்ணே," என்றார் புனிதா அக்கா.

"எவனும் உக்காரலங்க. சூட்டுல உள்ள இருக்கிற காத்து உப்பும். ஆறுனா சப்புன்னு போயிரும். பூரின்னா அப்ப..."

அம்மா நிறுத்திவிட்டார். பூரி கையில் இருந்தது. கண் டயரில் இருந்தது.

"யோகி. ஓட ஓட டயரு சூடாவுமாடா?"

"ஆவும்மா."

"சூடானா உள்ள காத்து உப்பும்."

"ஆமா."

"காலையில ஆறிப்போயிருக்கும்."

நானும் சாப்பிடுவதை நிறுத்தினேன். காலையில் குளிர்ந்த டயரில் காற்று சுருங்கி, அளவு குறைந்து, விளக்கு எரிந்திருக்கிறது. மந்தின் போவதற்குள் சூடேறி, காற்று உப்பி, அணைந்திருக்கிறது. மாரியம்மனுக்கு இதில் சம்பந்தமே இல்லை. இன்றைக்கு இவ்வளவு தூரம் ஓடிச் சூடான பிறகும் அணையவில்லை என்றால், உப்புவதற்குக்கூட உள்ளே காற்று இல்லை.

"அக்கா, அப்ப அது தீச்சட்டி இல்லியா?" என்றார் புனிதா அக்கா, உரக்க.

"எது தீச்சட்டி இல்ல?" என்றார் அப்பா.

பஹாவ் பக்கமிருந்து வந்த எண்ணெய் டாங்கி லோரி ஒன்று பெரிய சத்தத்தோடு எங்களைக் கடந்தது. இனி கெமாஸ் வரைக்கும் இரண்டு பக்கமும் செம்பனைதான், கடை கண்ணி குறைவு. பூரி நல்லாயிருக்கு என்று பேச்சை மாற்றியிருக்கலாம். அம்மாவால் அதெல்லாம் சுலபமாக முடியும், என்னை வளர்த்தவர். ஆனால் அவர் பூரியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, காருக்குள் குனிந்து அந்தப் பொட்டைப் பிய்த்தெடுத்தார்.

"வந்து பாருங்க."

அப்பா பார்த்தார். அம்மா சொன்னார். ஒரு வாரமாக எரிவது, தீச்சட்டி, வாக்கு, பொட்டு எல்லாம்.

"ரொம்பப் பயமா இருந்துச்சுங்க, சாவி போயிருமோன்னு. இப்ப அதவிட வேற பயமா இருக்கு. வண்டியில நாலு உசிரு உக்காந்திருக்கு. மொதல்ல காத்தப் பாப்போம்."

அப்பா உடனே பின்பக்க இடது டயரிடம் போய் ஓங்கி ஒரு உதை விட்டார்.

"டங்குன்னுதான வருது!"

"நீங்க கத்துறதுதான் டங்குன்னு வருது. யோகி, மிசின எடு."

காற்றடிக்கும் எந்திரத்தின் குழாயை இழுத்துவந்து மாட்டினேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்பக்கத் தூணில் எவ்வளவு காற்று வேண்டும் என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இரண்டு பேர் போனால் இருநூற்று இருபது கிலோபாஸ்கல், ஆள் நிறைந்து சுமையும் இருந்தால் பின்பக்கத்துக்கு இருநூற்று ஐம்பது என்று போட்டிருந்தது. அத்தனை வாரமும் அம்மா அந்தக் கதவைத் திறந்துதான் ஏறினார். அப்பா அதற்குப் பக்கத்தில் நின்றுதான் உதைத்தார். மூன்று டயர்கள் இருநூறுக்குக் கொஞ்சம் மேலே காட்டின. இடது பின்பக்கத்துக்கு எந்திரம் நூற்று முப்பத்தைந்து என்றது.

அப்பா அந்த எண்ணையே பார்த்தார். அவருடைய லோரியில் எழுநூறு, எண்ணூறு என்று அடிப்பார்கள். அந்த டயரை உதைத்த கால்தான் இத்தனை நாள் இந்தச் சின்ன டயருக்கும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இன்னொரு தடவை, இந்த முறை மெதுவாக, பெருவிரலால் மட்டும் உதைத்துப் பார்த்தார். எண் மாறவில்லை.

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, உள்ளங்கையை நீட்டினார்.

"நான் சொன்னது சொன்னதுதான்."

அம்மா சாவியைக் கொடுத்துவிட்டார். அந்தச் சாவியில் சின்னதாக ஒரு வேல் தொங்கும். அதையும் சேர்த்துத்தான். புனிதா அக்கா பூரிப் பாத்திரத்தை மூடினார். இப்படி ஒரு சத்தமில்லாத மூடலை நான் கேட்டதில்லை.

காற்றை நிரப்பி, அப்பா காரை எதிர்ச்சாரியில் இருந்த டயர் கடைக்கு ஓட்டினார். நாங்கள் மூவரும் நடந்து சாலையைக் கடந்தோம். அம்மா நேராக முன்னால் பார்த்து நடந்தார்.

"கெமாசுக்கு பஸ்ஸு இருக்கா புனிதா?" என்றார்.

"அண்ணன்தான் ஓட்டப் போறாரே."

"இப்பக் கேக்கல. அடுத்த தடவைக்கு."

கடைக்காரர் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள். தோட்டங்களுக்கு நடுவே கடை வைத்து வயதானவர், தமிழ் நன்றாகவே பேசினார். டயரைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்தி, மெல்லச் சுற்றினார். ஓர் இடத்தில் சின்னச் சின்ன முத்தாகக் குமிழி வந்தது.

"ஆணி லா, தம்பி. ரொம்ப நாள் இருக்கு இது. கொஞ்சம் கொஞ்சமா காத்து போறது."

குறட்டால் பிடித்து இழுத்தார். சின்ன ஆணிதான். துரு ஏறியிருந்தது. ஆனால் தலைக்குக் கீழே ஏதோ ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தவுக்கே அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"இது என்னா, லிமாவ்?"

புனிதா அக்கா வாங்கிப் பார்த்தார். "ஆமாலா. எலுமிச்சந்தோலு. ரோட்டுல கெடக்குற ஆணியில எப்படி எலுமிச்சந்தோலு வரும்?"

யாருக்கும் தெரியவில்லை. ஒருவரைத் தவிர. அப்பா கடையின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். நல்ல கூரைதான். ஆனாலும் அவ்வளவு நேரம் பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"என்னாங்க," என்றார் அம்மா.

"ம்."

"அன்னிக்கு அந்தப் பழத்தை எப்படி நிக்க வெச்சீங்க?"

"அது... உருண்டுகிட்டே இருந்துச்சு."

"தெரியும். எப்படி நிக்க வெச்சீங்க?"

"நல்ல நேரம் வேற போய்ட்டு இருந்துச்சு. அந்த ஆளு அவசரப்படுத்துனான்."

"எப்படிங்க நிக்க வெச்சீங்க?"

அப்பா மூன்று விரலைக் கீழ்நோக்கிப் பிடித்துக் காட்டினார். முக்காலி மாதிரி.

"மூணு ஆணி. கூரு பழத்துக்குள்ள, தலை தரையில. கால் மாதிரி. நல்லாத்தான நின்னுச்சு?"

"நல்லாத்தான் நின்னுச்சு," என்றார் அம்மா.

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அந்தக் காட்சியைப் பார்த்தோம் என்று நினைக்கிறேன். கூர்முனை மேல்நோக்கிய மூன்று ஆணிகள். அதன்மேல் ஒரு பழம். கண்ணேறு படாமல் இருக்க அதன்மேல் ஏறுகிற புது டயர். தவுக்கே சத்தமில்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"அண்ணே," என்றார் புனிதா அக்கா. "மூணு ஆணின்னீங்களே. மத்த ரெண்டு?"

நான்கு பேரும் மற்ற டயர்களைப் பார்த்தோம். அடுத்த கணம் அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, டயர் கடையின் எண்ணெய்த் தரையில் முழங்கால் போட்டுவிட்டார். ஒவ்வொரு டயராகக் கையால் தடவினார். பள்ளம் பள்ளமாக விரலை விட்டுப் பார்த்தார். கூரையில் பார்த்ததைவிட அதிகக் கவனத்தோடு பார்த்தார். கல் இருந்தது, மண் இருந்தது, சந்தனம்கூட ஓரிடத்தில் காய்ந்து இருந்தது. ஆணி இல்லை. எழுந்தபோது அவர் உள்ளங்கை இரண்டும் கறுப்பாக இருந்தன. முகத்திலும் கொஞ்சம் இருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இந்த ரோட்டுல இவள ஆணியோட அனுப்பியிருக்கேன்," என்றார். யாரிடமும் சொல்லவில்லை. தவுக்கேயின் காற்றுக் குழாயைப் பார்த்துச் சொன்னார். "தெனமும் ஒதைச்சுட்டு அனுப்பியிருக்கேன்."

அம்மா அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வருடத்துக்கு வேண்டிய சரக்கு கையில் இருந்தது. ஆனால் அவர் முந்தானையால் அப்பாவின் கன்னத்திலிருந்த கறுப்பைத் துடைத்தார்.

"வண்டி நல்லாருக்கணும்னுதான வெச்சீங்க. விடுங்க."

டயருக்கு ஒட்டுப்போட்டு மாட்டியாயிற்று. பின்பக்கம் இரண்டுக்கும் இருநூற்று ஐம்பது. அப்பா தானே குனிந்து எண்ணைப் பார்த்து, என்னையும் பார்க்கச் சொல்லி, புனிதா அக்காவையும் பார்க்கச் சொன்னார். பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்தார். அம்மா பக்கத்து சீட்டுப் பக்கம் நடந்தார்.

"எங்க போற?"

"உக்கார."

அப்பா சாவியை ஓட்டுநர் இருக்கையில் வைத்தார். பின்கதவைத் திறந்து, அரிசி மூட்டைக்கும் பித்தளைக் குடத்துக்கும் நடுவே தன்னை நுழைத்துக்கொண்டார். குத்துவிளக்கின் மேல்பாதியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். முன்னால் உட்காருமாறு புனிதா அக்காவிடம் தலையால் காட்டினார்.

"பின்னால உக்காந்தாதான் டயரு சத்தம் நல்லாக் கேக்கும்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. புனிதா அக்கா மட்டும் பூரிப் பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அம்மா சாவியைத் திருகினார். மற்ற விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைந்தன. மஞ்சள் சட்டி கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்து, பஹாவ் போவதற்குள் அதுவும் அணைந்தது. கெமாசில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டித் திரும்பினால் சித்தியின் புது வீடு. வாசலில் கோலத்துக்கு ஓரமாக அம்மா காரை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, போட்டதை ஒருமுறை தொட்டுப் பார்த்து, இறங்கினார். சித்தி ஈரக் கையோடு ஓடிவந்து, அக்காவையும் பார்த்து, காரையும் பார்த்து, ஓட்டுநர் கதவையும் பார்த்து அழ ஆரம்பித்தார். பால் பொங்கியது அடுப்பில். யாரும் பார்க்கவில்லை.

"மாமா ஏன் பின்னால உக்காந்திருக்காரு?" என்று கேட்டார் சித்தி, கொஞ்ச நேரம் கழித்து.

"முன்னால வெயிலு," என்றார் அப்பா குத்துவிளக்கின் பின்னாலிருந்து.

திருவிழாவில் அம்மா தீச்சட்டி எடுத்தார். அது விளக்கைப் பற்றிய வாக்கு இல்லை, லைசன்ஸைப் பற்றிய வாக்கு என்று விளக்கமும் கொடுத்தார். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கெமாசுக்குப் போகிறார். அப்பா பேனா மாதிரி ஒரு காற்றளவுமானி வாங்கிச் சட்டைப்பையில் செருகி வைத்திருக்கிறார். காலையில், டயர் சூடாவதற்கு முன், நான்கையும் அளந்து எண்ணை உரக்கச் சொல்வார். பழக்கம் விடாததால் அதற்கு முன்னால் ஒரு உதையும் உண்டு.

ஆயுத பூசையன்று மறுபடி நான்கு பழங்கள் வைத்தோம். வாசல் அப்படியே சரிவாகத்தான் இருந்தது. நான்காவது பழம் உருண்டது. பூசாரி அப்பாவைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அப்பா வீட்டுக்குப் பின்னால் போக ஓர் அடி எடுத்து வைத்தார். ஓட்டுநர் சீட்டிலிருந்த அம்மா கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார்.

அப்பா நின்று, காலிலிருந்த சிலிப்பர் ஒன்றைக் கழற்றிப் பழத்துக்கு அண்டக் கொடுத்தார். பூசைப் பழத்துக்குச் செருப்பா என்று பூசாரி வாய் திறப்பதற்குள் அம்மா காரை எடுத்துவிட்டார்.

பழமும் நசுங்கியது, சிலிப்பரும் நசுங்கியது. அப்பா ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போய் அந்த டயரை அளந்து பார்த்தார். இருநூற்று இருபது.